கண்ணையன் மாற்றாத விலாசம்

மந்தாரக்குப்பத்தில் லைன் வீடுகள் இருக்கும் அந்தத் தெருவில் கண்ணையனைத் தெரியாதவர்கள் கிடையாது. பெரிய ஆள் என்பதால் அல்ல. சுரங்கத்தில் கான்ட்ராக்ட் வேலைதான் அவருக்கு. கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் கிடக்கும் நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மறுபடியும் பெல்ட்டில் போட வேண்டும். ஒரு பக்கம் வாரிக்கொண்டே போய் முடிப்பதற்குள், ஆரம்பித்த இடத்தில் மறுபடியும் சிந்தியிருக்கும். அதற்காக அவர் அலுத்துக்கொண்டதில்லை. சிந்துகிற வரைக்கும்தானே நமக்குச் சோறு என்பார்.

ஊர் அவரைத் தெரிந்து வைத்திருந்தது காகிதங்களுக்காக. ஒரு ஜவுளிக்கடைப் பையில் பட்டா, நிலம் எடுத்த நோட்டீஸ், வில்லங்கச் சான்று, கோர்ட் நகல் என்று எல்லாவற்றையும் வரிசையாக அடுக்கி வைத்திருப்பார். சுரங்கத்துக்காகக் கருக்கங்கொல்லை கிராமம் எடுக்கப்பட்டுப் பத்தொன்பது வருஷம் ஆகிறது. அங்கிருந்து கிளம்பிய குடும்பங்களில் நாற்பது இந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் வாடகைக்கு இருந்தன. எந்த மனு எழுதுவதானாலும், எதில் கையெழுத்துப் போடுவதானாலும் கண்ணையனிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் செய்வார்கள். அவரும் வஞ்சகம் இல்லாமல் சொல்வார். சொல்லி முடித்ததும் கடைசியாக ஒன்றைச் சேர்த்துக்கொள்வார்.

"எத வேணாலும் செய்ங்க. விலாசத்த மட்டும் மாத்தாதீங்க."

கருக்கங்கொல்லை, வடக்குத் தெரு, கதவு எண் 2/41. ஆதார் கார்டில், வாக்காளர் அட்டையில், மகளின் சாதிச் சான்றிதழில் எல்லாம் இதுதான் கண்ணையனின் விலாசம். இந்த விலாசத்தில் இன்று வீடு இல்லை, தெரு இல்லை, மண்ணும் இல்லை. தோண்டி எடுத்தாகிவிட்டது. இருந்தாலும் விலாசத்தை விடக் கூடாது என்பது அவர் கட்சி. அவர் அப்பா காலத்து நிலம் மூன்று பங்காளிகளின் பேரில் கூட்டுப் பட்டாவாக இருந்தது. நிலத்துக்கு ஈடாகச் சுரங்கத்தில் கொடுக்கும் வேலை யாருக்கு என்பதில் பங்காளிகளுக்குள் வழக்கு. தீர்ப்பு வருகிற வரை நிலம் இழந்தவர்கள் பட்டியலில் பெயர் நிற்க வேண்டும், விலாசத்தை மாற்றினால் நீ ஊரைவிட்டுப் போனவன் என்று பெயரை அடித்துவிடுவார்கள் என்று யாரோ ஒருவர் டீக்கடையில் சொன்னார். சொன்னவர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். அது போதுமானதாக இருந்தது.

அந்த ஒரு பேச்சை நம்பி நாற்பது குடும்பம் அலைந்தது. ஓட்டுப் போட, உதவித்தொகைக்கு மனு கொடுக்க, எல்லாவற்றுக்கும் கருக்கங்கொல்லைக்காரர்களைச் சேர்த்துவிட்ட வேறொரு ஊருக்குப் பஸ் மாறிப் போக வேண்டும். பக்கத்து வீட்டுப் பாப்பா முட்டிவலியோடு போய் வருவாள். வந்து படியில் உட்கார்ந்து காலைத் தேய்த்துக்கொண்டே, "அண்ணன் சொல்லிட்டாரு, இன்னா பண்றது" என்பாள். அதைக் கேட்கக் கண்ணையனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைதான்.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். சண்முகப்பிரியா, பதினொன்றாம் வகுப்பு. சுரங்கக் கம்பெனி டவுன்ஷிப்புக்குள் இருக்கும் பள்ளியில் நன்றாகப் படித்து இடம் பிடித்தவள். அங்கே கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் குவார்ட்டர்ஸில் இருப்பவர்கள், அப்பாக்கள் பர்மனென்ட். இவள் மட்டும் மந்தாரக்குப்பத்திலிருந்து சைக்கிளில் போவாள். அதைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் மூக்கைச் சிந்தியதில்லை.

அந்த வருஷம் பள்ளியில் ஒரு பயணம் அறிவித்தார்கள். பன்னிரண்டு பிள்ளைகள், பதினோரு நாள், வியட்நாம். அங்கே வடக்கே மலைக் கிராமம் ஒன்றில் ஐந்து நாள் தொண்டு. பள்ளிக்கூடத்துக்குக் கழிப்பறை கட்டி, சுவருக்கு வண்ணம் அடித்துக் கொடுக்க வேண்டும். மீதி நாள் மலையேற்றம், கூடாரத்தில் படுக்கை, ஆற்றில் படகு. செலவு செய்ய முடிகிற வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர். பன்னிரண்டாவது இடத்துக்கான செலவைப் பழைய மாணவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். கட்டுரை எழுதி, ஆறு கிலோமீட்டர் ஓடி, யார் முதலில் வருகிறார்களோ அவர்களுக்கு அது.

சண்முகப்பிரியா ஒரு மாதம் விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து டவுன்ஷிப் தெருக்களில் ஓடினாள். பள்ளிப் பையில் செங்கல் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தாள். இடம் அவளுக்கே கிடைத்தது. விளையாட்டு ஆசிரியர் சுபாஷ் போன் பண்ணிச் சொன்னபோது கண்ணையன் ஷிப்ட் பஸ்ஸில் இருந்தார்.

"கக்கூஸ் கட்றதுக்கு வியட்நாம் போவணுமா சார்? எங்க லைன் வூட்டுல பதினாறு பேருக்கு ஒண்ணுதான் இருக்குது" என்று சிரித்தார். போனை வைத்த பிறகு பஸ்ஸில் இருந்த அத்தனை பேரிடமும் தனித்தனியாகச் சொன்னார். டிரைவரிடம் இரண்டு தரம்.

பாஸ்போர்ட் எடுக்கக் கடலூர் போனார்கள். லீவு போட்டு, சலவைச் சட்டை போட்டு, மனைவி செந்தாமரையையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். மனுவை நிரப்பும்போதே சுபாஷ் சார் கேட்டிருந்தார்.

"இப்ப இருக்கிற விலாசம் போடணும். நீங்க மந்தாரக்குப்பத்துலதானே இருக்கீங்க?"

"அது வாடகை வூடு சார். எங்க விலாசம் இதான்."

ஆதாரில் இருப்பதும் மனுவில் இருப்பதும் ஒன்றாக இருந்ததால் கடலூரில் யாரும் மறு கேள்வி கேட்கவில்லை. போட்டோ பிடித்தார்கள், அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸில் திரும்பி வரும்போது கண்ணையன், "பாத்தியா, நம்ம விலாசம் செல்லுது" என்று செந்தாமரையிடம் சொன்னார்.

எட்டாம் நாள் ஒரு போலீஸ்காரர் போன் பண்ணினார். விசாரணைக்கு வந்திருக்கிறேன், வடக்குத் தெரு எங்கே இருக்கிறது என்று கேட்டார். மரியாதையான ஆள். கண்ணையன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். பழைய ஊர் ரோடு ஒரு மண்மேட்டில் முட்டி நின்றுவிடும். அங்கே மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டுப் போலீஸ்காரர் காத்திருந்தார். இரண்டு பேரும் மேட்டில் ஏறி நின்றார்கள். கீழே சுரங்கம் ஆழமாகக் கிடந்தது.

"அதோ மெஷின் நிக்குது பாருங்க. அதுக்குப் பின்னால" என்றார் கண்ணையன்.

போலீஸ்காரர் ஹெல்மெட்டைக் கழற்றினார். கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அங்க யாருங்க குடியிருக்கா?"

"யாரும் இல்லீங்க. விலாசம் மட்டும் இருக்குது."

"நான் என்னன்னு எழுதறது?"

"நாங்க மந்தாரக்குப்பத்துல இருக்கிறோங்க. வந்து பாத்துட்டு எழுதிக்கங்க."

"மனுவுல இருக்கற எடத்துல நீங்க இல்லையே. இல்லாத எடத்த இருக்குதுன்னு எழுத என்னால முடியாது." அவருக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. "கார்டுல விலாசத்த மாத்திடுங்க. ஒரு வாரத்துல மாறிடும். மறுபடி மனு போடுங்க. எங்கிட்ட வந்ததும் அன்னிக்கே வந்து பாத்து எழுதித் தந்துடறேன். எம் பொண்ணுக்கும் உங்க பொண்ணு வயசுதான்."

பள்ளியில் பாஸ்போர்ட்டைக் காட்டுவதற்கு இன்னும் ஐந்து வாரம் இருந்தது. மறுநாள் காலையில் போய் விலாசத்தை மாற்றியிருந்தால் தாராளமாக முடிந்திருக்கும். அதைக் கண்ணையனும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். பத்தொன்பது வருஷம் காத்த பெயர். அதை ஒரு பயணத்துக்காக அடிக்க விடுவதா? பிள்ளையின் ஆசையை மறுப்பதா? இந்தப் பக்கம் போனாலும் இடித்தது, அந்தப் பக்கம் போனாலும் இடித்தது.

செந்தாமரைக்கு அப்படி எந்தக் குழப்பமும் இல்லை. புருஷனிடம் எப்போதும் 'ங்க' போட்டுப் பேசுகிறவள், அந்த வாரம் அதை விட்டுவிட்டாள்.

"பத்தொம்பது வருஷமா வராத வேலைக்கு, பதினோரு நாளு போயிட்டு வர்ற புள்ளய நிறுத்துவியா?"

"அவளுக்குத்தான்டி சொல்றேன். எனக்கு வயசு ஓடிப்போச்சி. தீர்ப்பு வந்தா அவ பேருக்கு எழுதிக் குடுப்பேன். படிச்ச புள்ள, ஆபீஸ்ல ஃபேனுக்கடியில உக்காருவா. பர்மனென்ட். வியட்நாம் எங்கயும் ஓடிப்போவாது. அப்புறம் அவளே டிக்கெட் எடுத்துக்கினு போவட்டும்."

"அவ இப்ப போவணும்னு கேக்கறா."

சண்முகப்பிரியா சண்டை போடவில்லை. ஒரே ஒரு தரம் கேட்டாள். "அப்பா, விலாசத்த மாத்துனா பேரு போயிடுமான்னு பட்டியல் வெச்சிருக்கிற ஆபீஸ்லயே போயி கேட்டுப் பாக்கலாமா? நானும் வரேன்."

"கேக்கவே கூடாது" என்றார் கண்ணையன். "கேட்டா கண்ணுல படுவோம். யாருடா இவன், எங்க இருக்கறான்னு எடுத்துப் பாப்பாங்க. பட்டியல்ல இருக்கறவன் சத்தம் போடாம இருக்கணும்."

கோபம் வருகிறதா? வரட்டும். ஆனால் வீட்டையும் காட்டையும் ஒரு நோட்டீஸில் இழந்தவனுக்கு அடுத்த காகிதத்தைக் கண்டால் என்ன தோன்றும் என்பதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும். கண்ணையன் பத்தொன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட அந்த ஆபீஸ் படியை மிதித்ததில்லை. ஊரில் காகிதம் தெரிந்தவர் என்று பெயர் வாங்கியவர், தன் காகிதத்தைப் பற்றி யாரிடமும் கேட்டதில்லை. பயம்தான். அதற்கு எச்சரிக்கை என்று பேர் வைத்திருந்தார்.

ஷிப்ட் முடிந்து வரும் வழியில் இ-சேவை மையம் இருந்தது. தினமும் வாசலில் போய் நிற்பார். கண்ணாடிக்குள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வந்துவிடுவார். ஒரு வாரம், ரெண்டு வாரம் என்று நாள் ஓடியது. சுபாஷ் சார் இரண்டு முறை வீட்டுக்கே வந்து பேசினார். வீட்டுக்காரரிடம் வாடகைக் கடிதமும் எழுதி வாங்கிக் கொடுத்தார். "இனி தள்ளிப் போட்டா நேரம் பத்தாதுண்ணே. எல்லாம் ரெடியா இருக்கு. நீங்க போய் நின்னா போதும்" என்றார். திருநெல்வேலிப் பக்கத்து மனிதர், மெதுவாகத்தான் பேசுவார். அன்று அவர் குரலில் கெஞ்சல் இருந்தது.

மறுநாள் கண்ணையன் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உள்ளேயே போனார். டோக்கன் வாங்கினார். அவருடைய எண்ணைக் கூப்பிட்டார்கள். எழுந்து நின்றார். கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்த பெண், "என்ன மாத்தணும்?" என்று கேட்டாள். இந்தப் பெண் ஒரு பொத்தானை அழுத்தினால் கருக்கங்கொல்லை போய்விடும், அப்பா போய்விடுவார், மகளின் வேலை போய்விடும் என்று அவருக்குத் தோன்றியது. "ஒண்ணுமில்லம்மா" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். வந்தவர் வீட்டுக்குப் போகவும் தைரியமில்லாமல் பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு மாற்றினாலும் பாஸ்போர்ட் வர நாள் போதாது. பன்னிரண்டாவது இடத்தை, போட்டியில் இரண்டாவதாக வந்த சிவசங்கர் என்ற பையனுக்குக் கொடுத்தார்கள். அவன் அப்பா சுரங்கத்தில் இன்ஜினியர். அவனிடம் ஏற்கெனவே பாஸ்போர்ட் இருந்தது.

புறப்படுகிற அன்று சண்முகப்பிரியா வழியனுப்பப் போனாள். போனைப் பார்த்து முப்பது வியட்நாமிய வார்த்தைகளைத் தமிழில் எழுதிப் படித்து வைத்திருந்தாள். அந்தத் தாளைச் சிவசங்கரிடம் கொடுத்துவிட்டு வந்தாள். வீட்டுக்கு வந்து யூனிபார்மை மாற்றிக்கொண்டு, சாதத்தைப் போட்டுச் சாப்பிட்டாள். அழவில்லை. அழுதிருந்தால் கண்ணையன் ஏதாவது சமாதானம் சொல்லியிருப்பார். செந்தாமரையும் சண்டையை விட்டுவிட்டாள். 'ங்க' திரும்பி வந்துவிட்டது. "சாப்பிடுங்க" என்றாள், "தண்ணி எடுத்து வெச்சிருக்கேங்க" என்றாள். அதற்கு மேல் ஒரு பேச்சு இல்லை.

பயணத்திலிருந்து தினமும் படம் வந்தது. பிள்ளைகள் சிமென்ட் குழைக்கிறார்கள், செங்கல் கைமாற்றுகிறார்கள், முழங்கால் சேற்றோடு சிரிக்கிறார்கள். சண்முகப்பிரியா ஒவ்வொரு படத்தையும் திறந்து பார்ப்பாள். எல்லாவற்றுக்கும் இதயம் போடுவாள். கண்ணையன் பின்னால் நின்று பார்ப்பார். செங்கல்லை எப்படிப் பிடிக்க வேண்டும் என்பது அந்தப் பிள்ளைகளில் ஒருவனுக்கும் தெரியவில்லை. என் பிள்ளைக்குத் தெரியும் என்று நினைப்பார்.

ஏழாம் நாள், ஷிப்ட் பஸ்ஸுக்காக நிற்கும்போது பங்காளி நெடுமாறனைப் பார்த்தார். கூட்டுப் பட்டாவில் இருக்கும் மூன்று பேரில் ஒருவன். சொந்த வீடு கட்டி நெல்லிக்குப்பத்தில் இருக்கிறான். பேச்சு வாக்கில், "நான் விலாசத்த மாத்தி எட்டு வருஷம் ஆவுது. நீ இன்னும் பழசுலயே இருக்கியா?" என்று கேட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டான்.

அன்று கண்ணையன் வேலைக்குப் போகவில்லை. நேராக, பட்டியல் இருக்கும் அந்த நிலப் பதிவேட்டு ஆபீஸுக்குப் போனார். எதற்குப் போனார் என்று உண்மையைச் சொல்லிவிடுவதே நல்லது. நெடுமாறன் பெயரை அடித்திருப்பார்கள், அதைக் கண்ணால் பார்த்துவிட்டால் போதும் என்றுதான் போனார். அடித்திருந்தால் தான் செய்தது சரி. மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கலாம்.

திலகவதி என்ற பெண் அங்கே கிளார்க். பட்டா எண்ணைக் கேட்டாள், தட்டினாள், திரையை அவர் பக்கம் திருப்பினாள். மூன்று பெயரும் இருந்தன. நெடுமாறன் பெயர் முதலில் இருந்தது.

"இவரு விலாசத்த மாத்திட்டாரும்மா" என்றார் கண்ணையன்.

"சரி, அதுக்கென்ன?"

"பேரு இருக்குதே."

"இருக்கத்தான் செய்யும். இது பட்டா எண்ணையும் புல எண்ணையும் வச்சு இருக்கிற பட்டியல். நீங்க மந்தாரக்குப்பத்துல இருந்தா என்ன, மெட்ராஸ்ல இருந்தா என்ன?"

"இது எப்போருந்தும்மா?"

"ஆரம்பத்துலேர்ந்தே இப்படித்தான் ஐயா. யாரு உங்களுக்கு வேற மாதிரி சொன்னது?"

யார் சொன்னது என்று அவருக்குப் பெயர் தெரியாது. நாற்பது வீட்டுக்கும் சொன்னது யார் என்பது மட்டும் தெரியும். எழுந்து வந்துவிட்டார். மொத்தமாக ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை.

சாயங்காலம் சண்முகப்பிரியா வீட்டுக்குப் பின்னால் துணி எடுத்துக்கொண்டிருந்தாள். கண்ணையன் கொடிக்கு இந்தப் பக்கம் போய் நின்றார். எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. ஆரம்பிக்காமலே சொல்லிவிட்டார்.

"விலாசத்த மாத்தியிருக்கலாமாம். ஒண்ணும் ஆயிருக்காதாம். இன்னிக்கிப் போயி கேட்டுட்டு வந்தேன்."

அவள் கையிலிருந்த சட்டையை மடித்தாள். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள். திட்டட்டும் என்று கண்ணையன் காத்திருந்தார். நான் அன்னிக்கே கேட்கலாம்னு சொன்னேனே என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பார்.

"அம்மாவுக்குத் தெரிய வேணாம்ப்பா" என்றாள். "அம்மா இப்பத்தான் உங்ககிட்ட பேசறாங்க."

துணியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். கண்ணையன் வெறும் கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். பதினாறு வயதுப் பிள்ளை தன்னைக் காப்பாற்றப் பார்க்கிறது என்பதை அவரால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

மறுநாள் காலை பாப்பா வந்தாள். கையில் ஒரு விண்ணப்ப ஃபாரம். அவள் மகன் வடலூரில் மனை வாங்கப் போகிறான், பாங்கில் இப்போது இருக்கும் விலாசம் வேண்டும் என்கிறார்கள். கண்ணையனிடம் இதையே நாலு தரம் கேட்டு, நாலு தரமும் வேண்டாம் என்ற பதிலோடு திரும்பிப் போனவள்.

"அண்ணே, எம் புள்ள கத்தறான். ஒரேயொரு தரம் யோசிச்சிச் சொல்லு. மாத்தலாமா வேணாமா?"

ஒற்றை அறை வீடு. செந்தாமரை உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தாள். சண்முகப்பிரியா புத்தகத்திலிருந்து நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாள். வேண்டாம் என்பது போல லேசாகத் தலையை ஆட்டினாள். அப்புறம் சொல்றேன் என்று அனுப்பிவிடலாம். பாப்பா போய்விடுவாள். முட்டியைத் தேய்த்துக்கொண்டே இன்னும் எத்தனை வருஷம் வேண்டுமானாலும் காத்திருப்பாள்.

"மாத்திக்க பாப்பா" என்றார் கண்ணையன். "ஒண்ணும் ஆவாது."

"நெசமாவா? எப்பிடித் தெரியும்?"

"ஆபீஸ்ல போயி கேட்டேன்."

"கேக்கவே கூடாதுன்னு சொல்லுவியே. எப்பக் கேட்ட?"

"நேத்து."

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றது. செந்தாமரை ஈரக் கையோடு நிலைப்படிக்கு வந்தாள். புருஷனைப் பார்க்கவில்லை. மகளைப் பார்த்தாள். மகள் தலையைக் குனிந்துகொண்டாள். அதிலேயே அவளுக்கு விளங்கிவிட்டது.

"நீ போயி மாத்திக்கினு வா பாப்பா" என்றாள். "கூட்டம் சேர்றதுக்குள்ள போ."

பாப்பா ஃபாரத்தை மடித்துக்கொண்டு, ஒன்றும் புரியாமல் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனாள். செந்தாமரை நிலைப்படியிலேயே உட்கார்ந்தாள். சத்தம் போடுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"நேத்து கேட்டத போன மாசம் கேட்டிருந்தா, இவ போயிருப்பாளாங்க?"

கண்ணையனுக்குச் சுற்றி வளைத்துப் பேசத் தெரியும். ஊரே அவரிடம் பதில் கேட்டுப் பழகியிருந்தது.

"போயிருப்பா" என்றார்.